இடுப்புப் பட்டையும் எங்கள் வீடும்

தமிழ்ப் புலவர்களுக்குப் பெண்ணின் இடையைக் கண்டால் ஏனோ இரக்கமே வருவதில்லை. கொடி என்பார்கள், உடுக்கையின் நடுப்பகுதி என்பார்கள், மின்னல் என்பார்கள். இன்னும் சிலர் அப்படி ஒன்று இருக்கிறதா, இல்லையா என்றே ஐயப்படுவார்கள். தமிழ் வகுப்பில் இவ்வுவமைகளைப் படிக்கும்போதெல்லாம், "அப்படியானால் மத்தியானம் தின்ற சோறு எங்கே போகும்?" என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்ததுண்டு. ஆனால் அந்த மின்னலிடைக்காக இவ்வாண்டு ஆடி மாதத்தில் 699 ரூபாய் கொடுத்தவர்களும் நாங்களே!

நாங்கள் என்றால் அக்காளும் தங்கையும். ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பு, மற்றவள் பத்தாம் வகுப்பு. நாரணாபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள். எங்களுக்கு ஆறு வயதில் ஒரு தம்பி உண்டு. அப்பா அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினில் வேலை செய்கிறார். அம்மா பட்டாசு ஆபீஸுக்குப் போகிறார். (எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளி மாவட்டத்திலிருந்து வந்த சகோதரி ஒருவர், எங்கள் அம்மா மேசை நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதுகிறார் என்றே ஓராண்டு முழுதும் எண்ணியிருந்தார்.) வீட்டை ஆளுகிறவர் அம்மாவின் தாயார், எங்கள் அம்மாச்சி.

"இப்பொருளைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதலாமா?" என்று தயங்கித் தயங்கித்தான் ஆசிரியர் குழுச் சகோதரியிடம் கேட்டோம். "எழுதுங்கள். ஆனால் உங்கள் அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்" என்றார். அம்மாவிடம் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுங்க. நாலு பேரு வீட்டுல படிப்பாங்கல்ல" என்றார்.

சுதந்திர தின விழாவில் எங்கள் இருவருக்கும் நடனம் இருந்தது. பாவாடை தாவணி, இடையில் ஒட்டியாணம். டெய்லர் அக்கா அளவெடுத்துவிட்டு, "போன வருஷத்தைவிட கூடியிருக்கே" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றிரவே அப்பாவின் செல்போனில் ஒரு விளம்பரம் எங்களைத் தேடி வந்தது. உடற்பயிற்சி வேண்டாம், பட்டினி வேண்டாம், இந்தப் பட்டையை இறுக்கி மாட்டிக்கொண்டால் போதும், வியர்வையோடு கொழுப்பும் வெளியேறி இடை சிறுத்துவிடும் என்றார்கள். எங்களில் யார் ஆர்டர் செய்தது என்று கேட்காதீர்கள். இருவர் உண்டியலும் காலியாயிற்று.

பார்சலில் வந்தது ஒரு கறுப்புப் பட்டை. வெளியே நைலான், உள்ளே ரப்பர், முன்பக்கம் மூன்று வரிசைக் கொக்கி, வளையாமல் நிற்பதற்காக உள்ளே செருகிய நான்கு எஃகுப் பட்டிகள். பழைய பட்டுச் சேலையின் ஜரிகையையும் அம்மாச்சியின் பித்தளை ஒட்டியாணத்தையும் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது ஏதோ குதிரைக்குப் போடும் சேணம் போலத் தெரிந்தது. இருந்தாலும் மாட்டிப் பார்த்தோம். மாட்டியதும் டேப்பை வைத்தோம். எங்களில் பெரியவளுக்கு 74 செ.மீ. இருந்த இடை 68 செ.மீ. ஆயிற்று! துள்ளிக் குதித்தோம். கழற்றிவைத்து, பல் துலக்கிவிட்டு வந்து மீண்டும் அளந்தோம். 74.

அப்போதே விட்டிருக்கலாம். "தினமும் போட்டால்தானே பலன்?" என்று ஆசை சொல்லிற்று.

முதல் பாடம் விளையாட்டு மைதானத்தில் கிடைத்தது. சீருடைக்குள் பட்டையோடு ஓடியவள் இரண்டாம் சுற்றிலேயே கண் இருண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பி.டி. டீச்சர் தோளைத் தொட்டுவிட்டு முதுகைத் தடவியவர், கைக்குத் தட்டுப்பட்டதைக் கண்டு கொண்டார். யாருக்கும் தெரியாமல் ஓய்வறைக்கு அழைத்துச் சென்று கழற்றச் சொன்னார். "மூச்சுக்கு இடம் இல்லாம கட்டிக்கிட்டு ஓட வந்திருக்கியேம்மா!" என்றார். அடியோ வசவோ இல்லை. அதுவே பெரிய வெட்கமாக இருந்தது.

நாம் ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது உதரவிதானம் என்னும் தசை கீழே இறங்குகிறது. அதற்கு இடம் கொடுக்க வயிறு சற்று முன்னே வருகிறது. வயிற்றைச் சுற்றி இரும்பு வேலி போட்டுவிட்டால் அது எங்கே இறங்கும்? மூச்சு மேலோட்டமாகவே ஓடும். இரைப்பையையும் அதே வேலி அழுத்துவதால் உண்ட உணவோடு அமிலமும் மேலே ஏறி நெஞ்சு எரியும். இதை எட்டாம் வகுப்பிலேயே பாதி படித்திருந்தோம். படித்தது ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம்!

வியர்வையோடு கொழுப்பு வெளியேறுமாமே, அதையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அப்பாவின் அச்சகத்தில் கழிவுக் காகிதம் எடை போடும் மின்னணுத் தராசு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கெஞ்சி, அதில் எங்களில் சிறியவளை நிறுத்தினோம். பிறகு தளர்வாகப் பட்டையைக் கட்டி அரைமணி நேரம் கயிறு தாண்டச் செய்தோம். பட்டைக்கு உள்ளே துடைத்தெடுக்கும் அளவு வியர்வை. அதைக் கழற்றிவிட்டு மீண்டும் நிறுத்தினால் 300 கிராம் குறைவு! வெற்றி என்று கூவியவள், தாகம் தாளாமல் ஒரு செம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள். தராசில் ஏறினாள். குறைந்ததெல்லாம் திரும்பிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் அடுத்த காகிதக் கட்டை எடை போடத் தொடங்கினார்.

வியர்வை என்பது நீரும் உப்பும். கொழுப்பு வேறு கணக்கு. உடலுக்குச் சக்தி தேவைப்படும்போது சேமித்த கொழுப்பு உடைந்து இரத்தத்தில் கலந்து, வேலை செய்யும் தசைக்குப் போய்ச் சேருகிறது. எந்த இடத்துச் சேமிப்பு முதலில் கரையும் என்பதைத் தீர்மானிப்பது நம் பிறவி வாகும் ஹார்மோன்களுமே தவிர, நாம் எந்த இடத்தை இறுக்கினோம், எந்த இடத்தை ஆட்டினோம் என்பதல்ல. அறிவியல் ஆசிரியை எங்களுக்கு அழகான சான்று ஒன்று சொன்னார். அமெரிக்காவில் 1971 இல் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தார்களாம். மட்டை பிடிக்கும் கை ஆண்டுக்கணக்காக மற்றக் கையைவிட எத்தனையோ மடங்கு வேலை செய்கிறது. அதில் தசை பருத்திருக்கிறது. ஆனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் தடிமன் இரு கையிலும் ஒன்றாகவே இருந்ததாம். உழைக்கிற கையிலேயே தனியாகக் கொழுப்பு கரையவில்லை என்றால், கட்டிப்போட்ட வயிற்றிலா கரையும்?

பட்டையையே நேராகச் சோதித்தவர்களும் உண்டு. உணவைக் குறைத்து எடை இழந்த பருமனானவர்களை ஸ்வீடனில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மாதக்கணக்கில் இறுக்கமான இடுப்புக் கச்சு அணியச் சொன்னார்கள். குறைந்த எடை மீண்டும் ஏறாமல் கச்சு காக்கிறதா என்பதே கேள்வி. அதன் முடிவு 2010 இல் வெளியாயிற்று. கச்சுப் பிரிவினருக்குத் தனியாக ஒரு நன்மையும் இல்லை. அதைவிட எங்களுக்குச் சிரிப்பை வரவழைத்தது, அப்பிரிவிலேயே பலர் அசௌகரியம் தாங்காமல் கச்சைச் சரியாக அணியவில்லை என்பதுதான். குளிர்நாட்டிலேயே இந்தப் பாடு என்றால் சிவகாசி வெயிலில் கேட்கவும் வேண்டுமா?

ஐரோப்பியப் பெண்கள் நூற்றாண்டுக் கணக்கில் திமிங்கலத்தின் வாயிலுள்ள தகட்டாலும் எஃகாலும் ஆன கச்சுகளை அணிந்து பார்த்தவர்கள்தாம். ரான்ட்ஜன் 1895 இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த சில ஆண்டுகளிலேயே, பாரிஸ் மருத்துவர் லுடோவிக் ஓ ஃபாலோவெல் கச்சணிந்த பெண்களை எக்ஸ்ரே எடுத்து 1908 இல் வெளியிட்டார். அப்படங்களில் கீழ் விலா எலும்புகள் உள்நோக்கி நெருக்கப்பட்டிருப்பது தெரிகிறது. நூலகத்துக் கணிப்பொறியில் அப்படத்தை நாங்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அழகான உடைக்குள் அப்பாவி எலும்புக்கூடு!

அத்தோடு பட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டோம். சுதந்திர தினத்தில் டெய்லர் அக்கா பிரித்துத் தைத்த உடையிலேயே ஆடினோம். கதை அங்கே முடிந்தது என்று நினைத்தோம்.

இங்கே அம்மாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தம்பி பிறந்தபோது எங்களுக்குப் பதினொன்றும் ஒன்பதும் வயது. அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த பின் அம்மாச்சி செய்த பக்குவமெல்லாம் நினைவிருக்கிறது. வெந்நீர் ஊற்றி முடித்ததும், பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் சேலையை நீளவாக்கில் கிழித்து, அடிவயிற்றிலிருந்து மேலே சுற்றிக் கட்டுவார். கட்டி முடித்ததும் துணிக்கும் உடம்புக்கும் நடுவே தம் கையை நுழைத்துப் பார்ப்பார். கை நுழையவில்லை என்றால் அவிழ்த்துக் கட்டுவார். சாப்பிடும்போது தளர்த்திவிடுவார். படுக்கும்போதும் அப்படியே. இப்பழக்கம் நம் நாட்டில் மட்டுமன்று. மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு வயிற்றில் துணி கட்டுவதுண்டு.

"கட்டினா வயிறு உள்ள போயிருமா அம்மாச்சி?" என்று அப்போது கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை இப்போதுதான் எங்களால் முழுதும் மதிக்க முடிகிறது. "உள்ள போகாது. எந்திரிச்சு நடக்கத் தெம்பா இருக்கும். பிடிமானம்" என்றார். மருத்துவ நூல்களும் கிட்டத்தட்ட அதையே சொல்கின்றன. அறுவைப் பிரசவத்திற்குப் பின் வயிற்றைத் தாங்கும் பட்டை வலியைச் சற்றுக் குறைத்து எழுந்து நடமாட உதவுகிறது. பிரசவம் முடிந்தவுடன் ஏறக்குறைய 1 கிலோ இருக்கும் கருப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே தானாகவே சுருங்குகிறது. தாய் பாலூட்டும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் அதற்குத் துணை செய்கிறது. அந்த வேலையில் துணிக்குப் பங்கில்லை. அதிகமாக இறுக்கினால் அழுத்தம் கீழ்நோக்கிப் போய், பிரசவத்தில் ஏற்கெனவே களைத்த அடித்தளத் தசைகளுக்குத்தான் கேடு.

பளு தூக்குகிறவர்கள் இடுப்பில் அகலமான தோல் பட்டை கட்டுகிறார்களே, லாரியில் சிப்பம் ஏற்றும் மாமாக்கள் துண்டை வரிந்து கட்டுகிறார்களே என்று கேட்கலாம். பளு தூக்குகிறவர் அந்த ஒரு தூக்கலுக்காகக் கட்டி, முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறார். சுமை வேலைக்கோவெனில், ஆரோக்கியமான தொழிலாளிக்குப் பட்டை முதுகைக் காக்கும் என்பதற்குச் சான்று போதாது என்று அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994 இலேயே கூறிவிட்டது. மாமாக்களிடம் இதைச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை.

ஆகஸ்ட் கடைசி. ஆடி முடிந்தும் காற்று ஓயவில்லை; துணி காயப்போட்டால் கால்மணியில் மொறுமொறுவென்று ஆகிவிடும் காலம். தீபாவளிச் சரக்குக்காக ஆபீஸில் வேலை நெருக்கடி. மாலையில் வந்ததும் அம்மா நெஞ்சு எரிகிறது என்று மோர் கேட்டுக் குடித்தார். இரண்டாம் நாளும் அப்படியே. பழைய குழம்பின் வேலை என்று நினைத்தோம். நான்காம் நாள் அம்மா குளிக்கும்போது முதுகு தேய்க்கப் போன அம்மாச்சியின் குரல் வாசல்வரை கேட்டது.

"ஏத்தா, இது என்னத்தா உடம்பு பூரா கயிறு கட்டி இழுத்த மாதிரி தடம்?"

அம்மா பரண்மேல் இருந்த பட்டையை எடுத்து, சேலைக்குள் கட்டிக்கொண்டு நான்கு நாளாக ஆபீஸுக்குப் போய்வந்திருக்கிறார்!

எங்களில் பெரியவள் அப்போதுதான் இயற்பியலில் நிலைமின்னியல் பாடத்தை முடித்திருந்தாள். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்கும் விளையாட்டை யாவரும் அறிவோம். நைலான், பாலியெஸ்டர் போன்றவை பருத்தியளவுக்கு ஈரத்தை ஏற்பதில்லை; ஆகையால் உராய்வில் உண்டான மின்னூட்டம் வழிந்தோடாமல் தங்கிவிடுகிறது. பருத்தி சிறிது ஈரத்தை வைத்துக்கொள்வதால் அதன் வழியே கசிந்துவிடுகிறது. காற்று உலர உலர ஆபத்து கூடும். கதவுப் பிடியைத் தொடும்போது சுருக்கென்று நமக்கு உறைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். அதற்கும் குறைந்த, நமக்கே தெரியாத பொறி போதும் வெடிமருந்துத் தூளுக்கு. அதனால்தான் பட்டாசு வேலைக்குப் பருத்தியே உடுத்த வேண்டும் என்று விதி. மருந்தைத் தொடும் இடத்தில் இரும்புக் கருவி ஆகாது; மரமும் பித்தளையும்தான். எங்கள் அம்மாவோ நைலானும் ரப்பரும் நான்கு எஃகுப் பட்டியும் ஒரு வரிசை இரும்புக் கொக்கியும் இடுப்பில் சுமந்துகொண்டு, நாள் முழுதும் உட்கார்ந்தும் எழுந்தும் உராய்ந்தபடி வேலை செய்திருக்கிறார்.

"சேலை காட்டன்தானே பிள்ளே. வாசல்ல சேலையத்தான பாக்குறாங்க" என்றார் அம்மா. எங்களில் பெரியவள் அழத் தொடங்கிவிட்டாள். சிறியவளுக்கு விவரம் புரியாமல் அவளைப் பார்த்து அழுதாள். அப்பா வந்து கேட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. 2012 செப்டம்பர் 5 இல் முதலிப்பட்டியில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

"ஏன்மா போட்ட?" என்று கேட்டதற்கு அம்மா உடனே சொல்லவில்லை. படுக்கும் நேரத்தில்தான் சொன்னார். ஆபீஸ் பஸ்ஸில் ஒரு பெண், அம்மாவின் வயிற்றைப் பார்த்து, "அடுத்தது எப்போ?" என்று கேட்டிருக்கிறார். தம்பிக்கு ஆறு வயது! அம்மா மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். மறுநாள் பரண்மேல் ஏறியிருக்கிறார்.

அந்தப் பட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் நாங்கள். அம்மா எங்களைத் திட்டவில்லை. இதை எழுதும்போதும் எங்களால் அந்த நான்கு நாட்களை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மறுவாரம் அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மருத்துவரம்மா அம்மாவை மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கித் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். தொப்புளருகே விரலை வைத்துப் பார்த்து, "இரண்டு விரல் அகலம் விலகி இருக்கு" என்றார். கருவுற்றிருக்கும்போது வயிற்றின் நடுவே இரு பக்கத்துத் தசைகளும் விலகிவிடுகின்றனவாம். பலருக்குத் தானே கூடுகிறது, சிலருக்கு இடைவெளி தங்கிவிடுகிறது. அப்படித் தங்கினால் ஒல்லியானவருக்கும் வயிறு முன்தள்ளியே தெரியும். பட்டை அதை மறைக்குமே தவிரக் கூட்டாது. சும்மா தாங்கிக் கொடுத்தால் தசைக்கு வேலை ஏது? மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே தொப்புளை முதுகுப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். முழுதும் சேர்ந்துவிடும் என்று உறுதி கூற மாட்டேன், வலு கூடும் என்றார். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குக் கீழ் இருப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்றும், அழகுக்காக அல்ல, அதற்காகவே அளக்க வேண்டும் என்றும் கூறினார். அம்மாவுக்கு அன்று 91. நாள் முழுதும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவர் வாரத்தில் 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டுமாம்.

"ஆபீஸ் விட்டு வந்து தண்ணி பிடிக்க நடக்குறது கணக்குல வருமா டாக்டரம்மா?" என்றார் அம்மா. குடம் இல்லாமல் நடந்தால் வரும் என்று அவர் சிரித்தார். ஆகவே இப்போது குடத்தைத் தூக்குவது நாங்கள். அம்மா அப்பாவோடு கண்மாய்க்கரைவரை நடந்து வருகிறார். முதல் இரண்டு வாரம் தெருவில் எல்லாரும், "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுச் சித்தியும் சேர்ந்துகொண்டார்.

அம்மா இன்னொன்றும் செய்தார். பஸ்ஸில் எல்லார் முன்னிலையிலும் நடந்ததைச் சொல்லிவிட்டார். அப்போதுதான் அதே பஸ்ஸில் இன்னும் இருவர் சேலைக்குள் அத்தகைய பட்டை கட்டியிருந்தது வெளியே வந்தது. அவர்களில் ஒருவர், "அடுத்தது எப்போ?" என்று கேட்டவர். அம்மா அவருக்கும் அந்த மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

பட்டையை என்ன செய்வது என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. எஃகுப் பட்டிகளை உருவி எறிந்துவிட்டு அம்மாச்சி அதை ஆட்டுரலின் அடியில் வைத்திருக்கிறார். உரல் இப்போது ஆடுவதில்லை. அம்மாவின் இடுப்பைச் சென்ற ஞாயிறு அளந்தோம். டேப்பைப் பிடித்தது அம்மாச்சி. அவர் 88 என்கிறார், அம்மா 89 என்கிறார். அம்மாச்சிக்குக் கண் சரியாகத் தெரியாததால் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.